பச்சை வந்தால் போதும்

காலையிலிருந்தே ரமணிக்குக் கழுத்தும் தோளும் கழன்று விழுவது போல வலி. மூட்டை தூக்கி வந்த வலியென்றால் அவள் வீட்டில் மரியாதை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து வாங்கியதை யாரிடம் சொல்வது?

கிள்ளான் லோரி கம்பெனி ஒன்றில் எந்த டிரைவர் எந்த நாள் ஓடுவது என்று பட்டியல் போடும், PHP என்ற கணினி மொழியில் எழுதிய மென்பொருள் அவள் பொறுப்பு. ஆறு நாள் ஓடியவரை ஏழாம் நாள் அனுப்பக் கூடாது என்பது விதி. அந்த வேலையை அவள் அலுவலகத்துக்குப் பிடித்துக் கொடுத்ததே, அங்கே லோரி ஓட்டும் அவள் அப்பா சின்னையாதான்.

சர்வரில் PHP புதிதாகிவிட்டது. மென்பொருள் நம்பியிருந்த பழைய லைப்ரரிகள், அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகள், அதில் ஏற மறுத்தன.

"ஒவ்வொண்ணுக்கும் எந்த வெர்ஷன் ஒத்துவரும்னு பார்த்துப் பூட்டணும் பாஸ். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா? எல்லாத்துக்கும் ஸ்டார் போட்டு விடு லா. புதுசுன்னா நல்லதுதானே?" என்றார் அவள் வேலை பார்க்கும் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தின் முதலாளி சபாபதி. கைப்பேசியை மட்டும் அவர் ஆறு வருடமாக மாற்றவில்லை.

ஸ்டார் என்றால் எந்த வெர்ஷன் வந்தாலும் சம்மதம் என்று வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது. போட்டாள். எல்லாம் புதிதாக இறங்கியது. மென்பொருள் விதிப்படி நடக்கிறதா என்று தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் ஓடியது. திரையில் பச்சை.

அந்த அலுவலகத்தில் டெஸ்ட் ஒரு சடங்கு. பச்சைக் கோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். சபாபதி கட்டைவிரல் காட்டுவார். மென்பொருள் கிள்ளானுக்குப் போகும்.

"பார்த்தியா? முன்ன நாலு நிமிஷம் ஓடும், இப்ப ரெண்டே செகண்ட்!" என்றார் சபாபதி.

பச்சைக்குள் இருந்த எண்ணை ரமணியும் படிக்கவில்லை.

ஞாயிறு மதியம் அப்பாவின் போன்.

"ஏழாவது நாளும் லிஸ்ட்ல என் பேருதான்மா. இடுப்பு புடிச்சிக்கிச்சு. டெங்கில் ஊர்கிட்ட லோரிய ஓரங்கட்டிட்டேன்."

"ஏன்பா போனீங்க?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது, உன் மக செஞ்சதுதானேன்னான் சூப்பர்வைசர். பெருமையா இருந்துச்சு, ஏறிட்டேன்."

மடிக்கணினியைத் திறந்தாள். ஓடிய டெஸ்ட் பத்தொன்பது. முன்பு இருநூற்றுப் பன்னிரண்டு. டெஸ்டுகளுக்கு மேல் பழைய பாணியில் எழுதியிருந்த குறிப்புகளைப் புதிய டெஸ்ட் கருவி மதிக்கவே இல்லை. மிச்சத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டது. புதிய தேதி லைப்ரரியோ ஆறு நாளை மைனஸ் ஆறாக எண்ணியது; அதனால் ஏழாம் நாள் தடை விழவே இல்லை. அதைப் பிடிக்க அவளே எழுதிய டெஸ்ட், ஓடாதவற்றில் ஒன்று.

சபாபதியை அழைத்தாள். "பாஸ், நூத்தித் தொண்ணூத்து மூணு டெஸ்ட் ஓடவே இல்ல."

"ஓடலன்னா ஃபெயிலும் ஆகலதானே?"

"அப்பா டெங்கில்ல ரோட்டோரம் கிடக்குறாரு."

"சரிமா, அந்த ரெண்டு நாளை எடுத்துக்க. கிள்ளான்காரன்கிட்ட மட்டும் வாயத் திறக்காத."

கார் சாவியை எடுத்துக்கொண்டே அவள் கிள்ளான் சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பினாள்:

"பட்டியல் தப்பு. தப்பு எங்களுடையது. சின்னையாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி."