கால்மாட்டுக் கரை

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. சாரம் பகுதியில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.

எதிர்வீட்டுக் கோவிந்தராசுவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். மனிதர் இரண்டு மணி நேரத்திலேயே, "ஏசி குளுருது, கழட்டுங்க" என்று எழுந்து வந்துவிடுவார். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைக் கம்பளியோ அவருக்கு அரிக்கிறது. பேத்தி கவிநிலா, "நானே பருத்தித் துணியில தச்சுத் தரேன்" என்று கிளம்பினாள். பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்றுகிற பெண்!

வீடு வீடாகப் பழைய துணி கேட்டாள். நானும் ஒரு மூட்டை கொடுத்தேன். சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, உள்ளே பழைய புடவையை வைத்து, ஒரு மாதம் கையாலேயே தைத்தாள். தையல் கொஞ்சம் கோணல். அதைச் சொல்லத்தான் தினமும் போனேன்.

முடிந்த அன்று விரித்துக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சுக்கு நேராக என் வீட்டுக்காரரின் கட்சிக்கரை வேட்டி! துண்டாகக் கிடந்தபோது கண்ணில் படவில்லை. அந்தக் கட்சிக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் கோவிந்தராசு கை நனைக்கவே மாட்டார்.

"அடியே, உங்க தாத்தா இதக் கொளுத்திடுவாருடி! பிரிச்சிடு."

"ஒரு மாசம் தச்சதயா? போர்வையில தலைமாடு கால்மாடுன்னு எழுதியா வச்சிருக்கு, அத்த?"

அப்படியே திருப்பிப் போட்டாள். கரை காலடிக்குப் போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போனேன். கிழவர் பார்த்துவிட்டார்.

"இது எவன் வேட்டி?"

"எவனுதா இருந்தா இன்னா தாத்தா? உன் காலடியிலதான கெடக்குது. மிதிச்சிக்கோ."

கிழவர் யோசித்தார். பிறகு இரண்டு குதிகாலையும் கரைமேல் அழுத்தி வைத்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் ஆனதும் நர்ஸ், "கழட்டணுமா?" என்று கேட்டார்.

"இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?"

"ரெண்டு மணி நேரம்."

"இருக்கட்டும்மா. இப்பதான் கால் சூடேறுது."

நாலு மணி நேரமும் முழுசாக ஆயிற்று. தெருவுக்கே சொல்லிவிட்டேன். வீட்டில் மட்டும், "என் கரை வேட்டி எங்கடி?" என்று கேட்டால், சலவைக்குப் போயிருக்கிறது என்கிறேன்.