சாமி அறைச் சுவர்

வீட்டுப் பரிசோதகர் உரிமம் பெற ஸ்ரீகாந்தனுக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு வீடு. விலைக்கு வரும் வீட்டைக் கூரை முதல் அடித்தளம் வரை ஆராய்ந்து, வாங்குபவருக்குக் குறைகளை எழுதிக் கொடுக்கும் வேலை அது. படகில் வந்து தற்காலிக விசாவில் வாழ்பவனுக்கு அந்த உரிமம்தான் நிமிர்ந்து நடக்கக் கிடைத்த ஒரே வழி. கூட வந்திருந்த மேற்பார்வையாளர் மார்கரெட், மலேசியத் தமிழ்ப் பெண்மணி. அவர் ஒப்பமிட்டால் உரிமம். இல்லையேல் எல்லாம் முதலிலிருந்து.

வீடு கிளென் வேவர்லிப் புறநகரில், அதை விற்கவிருந்த வரதராஜாவினுடையது. ஸ்ரீகாந்தன் வந்த வழியையும் விசாவையும் அவர் வாசலிலேயே விசாரித்து அறிந்திருந்தார். மற்ற அறைகளை முடித்து வந்தவனின் கால்கள் சாமி அறை வாசலில் நின்றுவிட்டன. காலையில் ஸ்பிரிங்வேல் கடையொன்றில் இறைச்சி ரோல் தின்றிருந்தான்; மச்சம் தின்ற வாயோடு சாமி அறைக்குள் போகக் கூடாது. வாசலில் நின்றபடியே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குறையில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தான்.

“உள்ள போகாமலே எழுதுறியா, ஸ்ரீ?” என்றார் மார்கரெட்.

“மச்சம் சாப்பிட்டனான், மேடம்.”

“அத உன் சாமிகிட்டச் சொல்லிக்க. பாக்காத சுவத்துக்கு நல்ல பேர் எழுதினா நான் சைன் போட மாட்டேன் லா.”

“தம்பி செய்யிறது சரிதானே,” என்று வரதராஜா சிரித்தார். “பிள்ளையாரை அசைக்கேலாது.”

சிரித்தவரின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. தமிழன் எவனும் அந்த வாசலோடு திரும்பிவிடுவான் என்றுதான், வரவேற்பறையில் இருந்த சாமிகளை அந்தச் சுவரில் குடியேற்றியிருந்தார் அவர்.

ஸ்ரீகாந்தன் வாய் கொப்பளித்து, கால் கழுவி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போனான். பிள்ளையார் படத்தை இரு கைகளாலும் இறக்கி வைத்தான். மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவரைத் தட்டினான், வெற்றுப் பானையின் ஓசை. திருப்புளியை ஊன்றினான்; அது பிடி வரை இறங்கிற்று.

“அங்கிள், முழுக்கக் கறையான்.”

உள்ளே தேனில்லாத பொந்தைக் காக்கும் கரடி போல வரதராஜா பாய்ந்தார். அவர் கையிலெடுத்த பூசை மணி ஸ்ரீகாந்தனின் வாய்மீது இறங்கியது. பல் ஒன்று தெறித்து விபூதித் தட்டில் விழுந்தது. இரண்டாம் அடி புருவத்தைக் கிழித்தது. குருதி இமையை மூடிற்று.

“மிஸ்டர், நிறுத்துங்க!” மார்கரெட் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உதறிய ஒரே உதறலில் மார்கரெட் கதவில் மோதி விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே போலீசை அழைத்தார்.

“திருப்பி அடியடா!” என்று வரதராஜா அவன் வயிற்றில் உதைத்தார். “ஒருக்கா அடி பாப்பம்! உன்ர விசாவும் போம், லைசென்ஸும் போம்! வள்ளத்தில வந்த நாய்க்கு என்ர வீட்டில குறையோ?”

ஸ்ரீகாந்தனின் கையில் திருப்புளி இன்னும் இருந்தது. அவர் கழுத்து அதற்கு எட்டும் தூரத்தில் துடித்தது. கை ஒருமுறை உயர்ந்தது. உயர்ந்த கையின் விரல்களை அவன் மெல்ல விரித்தான். திருப்புளி தரையில் உருண்டது.

அது வரதராஜாவின் வெறியை இன்னும் கிளறிற்று. இரு கைகளாலும் அவன் குரல்வளையைப் பற்றிச் சுவரில் மோதினார். மீண்டும் மோதினார். அவனுக்கு உலகம் கறுத்துக்கொண்டு வந்தபோது சுவர் பெருமூச்சுவிட்டது போல உள்வாங்கியது. சட்டங்கள் நொறுங்க, சாமிப் படங்கள் சிதற, இருவரும் சுவரைப் பிளந்துகொண்டு மறுபுறத்துக் குசினியின் அடுப்படியில் விழுந்தனர். முறிந்த சட்டமொன்று வரதராஜாவின் முன்கையைத் துளைத்து மறுபுறம் எட்டிப் பார்த்தது. அவர் அலறினார். இருவர் மேலும் வெள்ளைப் புழுக்களாய்க் கறையான்கள் ஊர்ந்தன.

“இவன்தான்… இவன்தான் உடைச்சவன்!”

“உங்க ரெண்டு கையும் அவன் கழுத்துல இருந்துச்சு, மிஸ்டர்,” என்றார் மார்கரெட். பிறகு ஸ்ரீகாந்தனிடம் குனிந்து, “ஆஸ்பத்திரிக்குப் போ. ரிப்போர்ட்ட நாளைக்கு எழுதலாம்,” என்றார்.

அவன் குருதியைத் துப்பிவிட்டுப் பேனாவைத் தேடினான். சைரன் ஒலி தெருவுக்குள் திரும்பும்போது எழுதிக்கொண்டிருந்தான்: சுவர் கறையானால் அரிக்கப்பட்டுள்ளது. ஒரு மனிதனின் எடையைத் தாங்கவில்லை.

மார்கரெட் படித்தார்.

“ரெண்டு மனிதர்னு திருத்து,” என்றார்.

திருத்தினான். அவர் ஒப்பமிட்டார்.