பத்தொன்பதாம் கேள்வி

இரண்டு பச்சைப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்த ஏற்பாடு. ரேணுகா எட்டு வருஷமாக அவற்றை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். மணிக்கு முந்நூறு தகரக் கிளிப் அடிக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் எண்ணிக்கையை அட்டையில் எழுதி, வலது மூலையில் டோக்கன் நம்பரைப் போட வேண்டும். மூன்று மணிக்கான அட்டையின் மூலையில் 417 என்று எழுதியபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் கொடுத்த அந்தப் படிவத்திலும் இதே மூலையில் இதே நம்பரைப் போட்டிருந்தாள்.

படிவம் கொண்டுவந்தவன் சரண். பெரிய மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவன், முப்பது வயதுக்குள் இருக்கும். சாதி, மதம், ஊர்ப்பழக்கம் எல்லாம் கம்பெனி வேலைக்குள் எப்படி நுழைகின்றன என்று படிக்கிறானாம். கேன்டீனில் நின்று, பெயர் எழுத வேண்டாம், எழுதியது யார் என்று எனக்கே தெரியாது, உண்மையை எழுதினால்தான் மாற்றம் வரும் என்றான். பெயரை யாரும் எழுதவில்லைதான். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற அந்தக் கம்பெனியில் லீவு லெட்டரானாலும் சீருடைச் சீட்டானாலும் நம்பர் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடும். காகிதம் கைக்கு வந்தால் பேனா முதலில் மூலைக்குத்தான் போகும். படித்த பிள்ளைக்கு அதெல்லாம் தெரிய நியாயமில்லை.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் டிக் அடித்தால் போதும். பத்தொன்பதாவது மட்டும் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னது: உங்கள் சாதி, மதம், வசிக்கும் இடம் காரணமாக இங்கே வேறு மாதிரி நடத்தப்பட்டதுண்டா? ரேணுகா ஆறு வரி எழுதினாள். போன ஆயுத பூஜையன்று மெஷினைத் துடைத்துக் கழுவிவிட்டு, பொட்டு வைக்கக் குங்குமத் தட்டை எடுத்தாள். சூப்பர்வைசர் நாகப்பன் தட்டை வாங்கிப் பக்கத்து மெஷின் வரலட்சுமியிடம் கொடுத்தார். இவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டச் சொன்னார். அண்ணனூரில் அவள் வீடு எந்தத் தெருவில் என்று அதற்கு முந்தின வாரம்தான் அவர் விசாரித்திருந்தார். எட்டு வருஷம் ஓட்டிய மெஷினுக்குப் பொட்டு வைக்க மட்டும் இந்தக் கை ஆகாதா என்று எழுதி முடித்ததும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. இத்தனை நாளில் இதைக் கேட்க ஒரு ஆள் வந்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

இந்த வெள்ளிக்கிழமை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒட்டப்போகிறார்கள். அவளைப் போன்ற ஒப்பந்த ஆட்களில் பன்னிரண்டு பேர். எச்.ஆர். அதிகாரி ரகுநாதன் போன வாரம் அவளிடமும் இரண்டு போட்டோ வாங்கி வைத்திருந்தார்.

மெஷின் இறங்கி ஏறும் இடைவெளியில் வரலட்சுமியைக் கேட்டாள்.

"யக்கா, காலைல பேப்பர்ல நம்பர் போட்டியா?"

"எல்லாருந்தான் போட்டாங்கோ. அதுக்கு இன்னா இப்போ?"

"பத்தொம்பதுல இன்னா எழுதுன?"

"இல்லைன்னு எழுதிட்டேன். நீ இன்னாத்த எழுதித் தொலைச்ச?"

ரேணுகா பொத்தான்களை அமுக்கினாள். வரலட்சுமி அவள் முகத்தைப் பார்த்தாள். எந்த நாளைப் பற்றி என்று புரிந்திருக்க வேண்டும். கண்ணைத் திருப்பிக்கொண்டு அடுத்த தகட்டை வைத்தாள்.

மூன்றரைக்கு டீ மணி அடித்தது. பத்து நிமிஷம். ரேணுகா டீ வாங்காமல் நேரே சரணிடம் போனாள். அவன் கேன்டீன் மூலையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவன் முகம் மாறிவிட்டது. மத்தியானம் அவன் மேனேஜரோடு சாப்பிடப் போனபோது, படிவங்கள் போட்ட பெட்டி பத்திரமாக இருக்கட்டும் என்று ரகுநாதன் தன் அறைக்குக் கொண்டுபோனாராம்.

"பயப்படாதீங்கக்கா. சீல் வெச்ச பெட்டி. கொண்டாந்து உங்க முன்னாடியே எல்லா நம்பரையும் அடிச்சிடறேன்."

அவள் கை கழுவும் இடத்தில் நின்றாள். குழாயைத் திறந்து மூடினாள். டீ முடிந்து மணி அடித்தது, எல்லாரும் போனார்கள். நாகப்பன் வாசலில் நின்று, ரேணுகா டைம் ஆச்சு என்றார். அவள் நகரவில்லை. எட்டு வருஷத்தில் மணி அடித்து ஒரு நாள்கூட அவள் பிந்தியதில்லை.

சரண் பெட்டியோடு வந்தான். பின்னாலேயே ரகுநாதனும் சிரித்துக்கொண்டே வந்தார். ஒட்டியிருந்த டேப் புதிதாக இருந்தது. சரண் அதைக் கிழித்துத் திறந்தான். காலையில் ஆளுக்கு ஒரு மாதிரி மடித்துப் போட்ட காகிதங்கள். இப்போது ஒவ்வொன்றும் பிரித்து நீவி, டிபார்ட்மென்ட் வாரியாக ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பிரஸ் ஷாப் கட்டைச் சரண் புரட்டினான். 414, 415, 416, 418. கீழே வரை போய்விட்டு மறுபடி மேலே வந்தான். மற்றக் கட்டுகளையும் எண்ணினான்.

"எண்பத்துநாலு குடுத்தேன் சார். எண்பத்துமூணுதான் இருக்கு."

கலைந்து கிடந்தது, அடுக்கி வைக்கச் சொன்னேன், அப்போது ஒன்று எங்கேயாவது விழுந்திருக்கும் என்றார் ரகுநாதன். அவர் சட்டைப் பையில் நாலாய் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. ரேணுகா அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார், அதை மறைக்கவில்லை.

"இன்னொண்ணு எழுதிக் குடுத்துடட்டுமே. நம்மளால உங்க ஆராய்ச்சி குறைய வேணாம். அடுத்த மாசம் நம்ம பூந்தமல்லி யூனிட்டுக்கும் வரணும்னு கேட்டீங்கல்ல?"

சரண் அவரைப் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து ரேணுகாவிடம் நீட்டினான், முகத்தைப் பார்க்காமல்.

நாகப்பன் வாசலிலேயே நின்றார். அவள் நின்றபடியே எழுதினாள். பதினெட்டுக் கேள்விக்கும் டிக். பத்தொன்பதுக்கு வந்ததும் பேனா நின்றது. அந்த இரண்டு போட்டோவும் நினைவுக்கு வந்தன. காலையில் ஆறு வரி எழுதிய இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். படிவத்தைச் சரணிடம் கொடுக்கப் போனாள்.

"நம்பர் போட்டுடும்மா" என்றார் ரகுநாதன்.

போட்டாள். சரண் அதை வாங்கி 416-க்கும் 418-க்கும் நடுவில் செருகினான். முழுசாக ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்து, எண்பத்துநாலுக்கு எண்பத்துநாலு என்று குறித்துக்கொண்டான்.