முந்நூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகளின் டைரக்டர்

சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பின்னறையில் வக்கீல், முன்னறையில் டைப்பிஸ்ட், நடுவில் சரியாகச் சாத்தாத ஒரு கதவு. கீழே இஸ்திரி போடும் ஆவி மேலே ஏறி வந்து ஃபைல்களை எப்போதும் லேசாக நமுக்க வைத்துக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகள் குடியிருந்தன. அத்தனைக்கும் டைரக்டர் நம் டைப்பிஸ்ட்தான்.

சிரிக்க வேண்டாம், எல்லாம் சட்டப்படிதான். கடல் தாண்டிய ஊர்களில் உள்ள பணக்காரர்கள், தங்கள் பெயர் வெளியே வராமல் தொழில் நடத்த ஆசைப்பட்டால் வக்கீலிடம் வருவார்கள். வக்கீல் ஒரு கம்பெனியைப் பதிவு செய்வார். பெயர் வைக்க அவர் ரொம்ப மெனக்கெடுவதில்லை, மகளுடைய விலங்குப் படப் புத்தகத்தைப் புரட்டுவார். உண்மையான உரிமையாளரின் பெயர் ஓர் உறைக்குள் போய் இரும்பு அலமாரியில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே காட்ட ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு டைப்பிஸ்ட். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், வங்கியிலிருந்து போன் வந்தால் எல்லாக் கேள்விக்கும் ஆமாம் சொல்வார். இதற்கென்று சம்பளத்தில் தனியாக ஒன்றும் கிடையாது. தெருவில் எல்லாரும் "டைரக்டர் சார்" என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தவரின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிடும் நேரத்தில் மச்சானிடமிருந்து போன் வந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பம்பு ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கடைசல் வேலை. போனில் அவர் தங்கையிடம் சொன்னது இதுதான். ஃபேக்டரியை ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி வாங்குகிறதாம். எல்லாரும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் புது ஆளாகச் சேர வேண்டுமாம். பழைய சர்வீஸ் அத்தனையும் காலி. ஓய்வு பெறும்போது வர வேண்டியதும் காலி. முதலாளியைக் கேட்டால், நான் என்னப்பா செய்வேன், வெளிநாட்டுக்காரன் அப்படித்தான் கேட்கிறான் என்று கையை விரிக்கிறாராம்.

"எந்தக் கம்பெனியாம்ணா?" என்று கேட்டுவிட்டு மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். "நீர்நாய் இன்டர்நேஷனலாம். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

டைரக்டர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். நீர்நாயின் டைரக்டர் அவரேதான். அந்த உறைக்குள் இருக்கும் பெயரும் அவருக்குத் தெரியும், டைப் அடித்ததே அவர்தானே. அது அந்தப் பம்பு ஃபேக்டரி முதலாளியின் பெயர். தன் பணத்தையே கடல் தாண்டி அனுப்பி, வெளிநாட்டு முதலீடு என்று பொட்டு வைத்துத் திரும்ப வரவழைக்கிறார். அங்கே வெளிநாட்டு முதலீட்டுக்குப் பத்து வருஷம் வரி கிடையாது. போகிற போக்கில் தொழிலாளிகளின் சர்வீஸையும் துடைத்துவிடலாம்.

விஷயத்தை மனைவியிடம் மறைக்க அவருக்குத் துப்பில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு அவள், அப்படியென்றால் கையெழுத்துப் போடாதீர்கள் என்றாள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கூட்டிப் பெருக்க வரும் அம்மா ஏற்கெனவே பதினேழு கம்பெனிக்கு இவரோடு கூட்டு டைரக்டர், இது பதினெட்டாவது ஆகும். மச்சானுடைய சர்வீஸும் போகும், இவருடைய வேலையும் போகும்.

"அப்போ அண்ணன் இருபத்திரண்டு வருஷம் கால் கடுக்க நின்னதெல்லாம் வீண்தானா?" என்றாள் அவள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஒப்பந்தத்தை டைப் அடிக்க உட்கார்ந்தார். போன வருஷத்து ஒப்பந்தத்தில் பெயர்களை மட்டும் மாற்றினால் போதும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பெயர்களை மாற்றினார். பதின்மூன்று விதிகள் இருந்தன. பிறகு பதினான்காவதாக ஒன்றை அடித்தார். ஃபேக்டரியில் இப்போது வேலை செய்யும் ஒவ்வொருவரின் பழைய சர்வீஸும் முறியாமல் தொடரும், அதற்குரிய பலன்கள் எல்லாம் வழங்கப்படும், இந்த நிபந்தனையின் பேரிலேயே முதலீட்டாளர் முதலீடு செய்கிறார். அடித்து முடித்ததும் பின்னறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பயம்தான், வேறென்ன.

வக்கீல் கடைசிப் பக்கத்தைப் பார்த்து முத்திரை வைத்தார். முதல் பதின்மூன்று விதிகளையே அவர் படித்துப் பல வருஷம் ஆகிறது. காகிதம் கடல் தாண்டியது. இரண்டாம் நாளே முதலாளியின் கையெழுத்தோடு திரும்பியது. விற்கிறவன் வாங்குகிறவன் மேல் சந்தேகப்பட்டால்தானே படிப்பான்? இங்கே இரண்டு பேரும் ஒரே ஆள். தன்னையே தான் ஏமாற்றிக்கொள்வோமா என்ற நம்பிக்கையில் மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டார்.

படித்த ஒரே ஜீவன் வங்கியில் இருந்தது. பணம் அனுப்புமுன் டைரக்டரைக் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரி, ஒரு பெண்மணி. அவர் போன் செய்தபோது பின்னறைக் கதவு வழக்கம்போல் பாதி திறந்திருந்தது, வக்கீல் உள்ளே நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

வழக்கமான கேள்விகள் முடிந்தன. பிறகு அதிகாரி, "ஒன்பதாம் பக்கத்துல பதினாலாவது விதி ஒண்ணு இருக்கு. பொதுவா முதலீடு பண்றவங்க இப்படிக் கேக்கறதில்லையே. இது உங்க சொந்த முடிவுதானா?" என்றார்.

நகம் வெட்டும் சத்தம் நின்றது.

"ஆமாங்க," என்றார் டைரக்டர்.

"யாராவது சொல்லி, நெருக்கடி பண்ணிப் போட்டதா?"

வீட்டில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. "இல்லைங்க. நானே நல்லா யோசிச்சுதான். அது இல்லேன்னா எங்க கம்பெனி முதலீடு பண்ணாது."

வக்கீல் எட்டிப் பார்த்தார். டைரக்டர் ஒப்பந்தத்தின் மேல் கையை வைத்து மறைத்தார். வக்கீலோ, எவ்வளவு கம்பீரமாகப் பேசுகிறான் என்று மெச்சுவதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த விரலுக்குப் போனார்.

"நல்ல விதி," என்றார் அதிகாரி. குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்த மாதிரி டைரக்டருக்குத் தோன்றியது. "அரசாங்கத்துக்கு அனுப்பற அறிக்கையில முதல்லயே போட்டுடறேன்."

மூன்று வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது, பதினான்காம் விதியோடு. அங்கே தொழிலாளர் அலுவலகத்துக்கு நகல் போய், அதன் நகல் ஃபேக்டரி வாசலில் ஒட்டப்பட்டது. வெளிநாட்டுக்காரன் நல்லவன் என்று மச்சான் போனில் தங்கையிடம் உருகினாராம். அவள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அலுவலகத்துக்குப் போன் வந்தது. வக்கீல் வெளியே போயிருந்தார்.

"யாரைக் கேட்டுய்யா அந்த விதியப் போட்டே?"

"வணக்கம். நீங்க யாரு பேசறது?"

"பம்பு ஃபேக்டரி முதலாளி!"

"சந்தோஷம் சார். முதலீடு போட்டவங்க விருப்பம் சார் அது. நீங்களும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"முதலீடு போட்டதே நா..."

பேச்சு பாதியில் நின்றது. டைரக்டர் பேனாவைத் திறந்தார். இவ்வளவு மரியாதையாக அவர் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. "சொல்லுங்க சார். போட்டது யாரு? பேரு சொன்னீங்கன்னா ஃபைல்ல ஏத்திடறேன். பேசறது எல்லாம் பதிவாகுது சார், பேங்க் கேட்டா காட்டணும்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் கடைசல் இயந்திரங்கள் ஓடும் சத்தமும் கேட்டது.

"ராங் நம்பர்," என்று சொல்லி முதலாளி போனை வைத்துவிட்டார்.

டைரக்டர் நீர்நாயின் ஃபைலை எடுத்து, தேதி போட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார்: "உரிமையாளர் தொலைபேசியில் பேசினார். பதினான்காம் விதிக்கு அவர் தரப்பில் ஆட்சேபணை ஏதுமில்லை."