நைனா பார்த்த முகம்

முகம் பார்த்து மனசைச் சொல்வதில் என் நைனாவை அடித்துக்கொள்ள செஞ்சி வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்பார்கள். பங்குச்சாமியார் செஞ்சியில் இருப்பார். எங்கள் ஊர் மாதா கோயிலில் மணியடிப்பது, ஜெபம் சொல்லித்தருவது எல்லாம் உபதேசியார் மதலைமுத்து, அதாவது என் நைனா. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை படித்து அறிவிப்பார்கள். அதற்கு முன்னால், பெண்ணுக்குச் சம்மதம்தானா என்று பார்த்துவர சாமியார் அவரைத்தான் அனுப்புவார். பெரியவர்கள் முன்னால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? நைனா எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்ப்பார். "இந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்ல சாமி" என்று அவர் சொல்லி நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. அந்தப் பெண்கள் இன்றைக்கும் அவரை நினைத்துக் கும்பிடுகிறார்கள். எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

அம்மா போன பிறகு அவருக்கு மறதி வந்தது. பெரிய மறதி என்று சொல்ல முடியாது. அடித்த மணியை மறுபடியும் அடிப்பார். சாப்பிட்ட கை காய்வதற்குள் "சோறு ஆச்சா?" என்பார். வயசாகிவிட்டது என்று ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். மளிகைக்கடை தனகோட்டி ஒருநாள் அவரிடம் எரிந்து விழுந்தான். "தமாஷ்காரன்மா அவன்" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான் கோபத்தில் தட்டை ணங்கென்று வைத்தால், "இன்னாம்மா ராயம்மா, இன்னிக்கி குஷியா இருக்குற?" என்பார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன்.

அரிசிக்கு ஊரெல்லாம் அல்லாடிய வருஷம் அது. சவரியம்மாள் அத்தை அவலூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை அடைக்கலராஜுக்குச் சொந்தமாக ரைஸ்மில். "மூணு வேளையும் நெல்லுச்சோறுடி" என்றாள். நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புடிக்கலன்னா நீ வாயத் தொறக்க வேணாம்மா. என்னைப் பாரு, போதும். நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தையை நம்பித்தான் காப்பித்தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா ஏதோ பேச வாயெடுத்தாள். அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அந்தம்மாள் பாதிச் சொல்லை விழுங்கிக்கொண்டு குனிந்துவிட்டாள். பெற்றவளுக்கே இந்தக் கதி என்றால் எனக்கு? நிமிர்ந்து நைனாவைப் பார்த்தேன். என் உதடு நடுங்கியது எனக்கே தெரிந்தது, கண்ணில் நீர் முட்டியது. நைனா நன்றாக, நிதானமாகப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பூரித்து, "எம்பொண்ணுக்குப் பரிபூரண சம்மதம்" என்றார். வெற்றிலைத்தட்டு கை மாறியது.

அவர்கள் போனதும், விளக்கு வைக்கிற நேரத்தில், "நைனா, எனக்கு அவன் வேணாம்" என்று அழுதேன்.

"நீ சிரிச்சியேம்மா?"

"நானா சிரிச்சேன்?"

அவர் அரிக்கேன் விளக்கை எடுத்து என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்போலப் பார்த்தார். "இப்ப நீ அழுவுறியா, சிரிக்கிறியா?" என்று கேட்டார். நான் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஈரம் பட்டதும் விளக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு மூஞ்சி தெரியலம்மா. கண்ணு மூக்கு எல்லாம் தெரியுது. உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியல. யாருகிட்டயும் சொல்லிடாத. காலையில மொத பஸ்ல போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானம் சிரித்த முகத்தோடு வந்தார். அவலூர்பேட்டைக்கு அவர் போகவே இல்லை. செஞ்சிக்குப் போய்ச் சாமியாரிடம் ஓலைக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் அவருக்குள் இல்லவே இல்லை.

மறுபடியும் சொன்னேன். முதல் தடவை கேட்பவரைப்போலவே அதிர்ந்தார், விளக்கைத் தூக்கினார், அழுதார், போகிறேன் என்று சத்தியம் செய்தார். மறுநாள் காலையில் எதுவும் நினைவில்லாமல் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசினார். அத்தையிடம் போய் அழுதேன். "ஊர்ப் பொண்ணுங்க மனசையெல்லாம் பார்த்தவரு, பெத்த பொண்ணைப் பார்க்கத் தெரியாதா? சும்மா இருடி" என்று விரட்டிவிட்டாள். சாமியாரும் என்னைக் கேட்கவில்லை. உபதேசியார் மகளை உபதேசியாரே பார்த்தாகிவிட்டது. நைனாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மணிக்கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள். அவர் சம்மதம் சொன்ன கல்யாணங்களையெல்லாம் கிளறுவார்கள். தினமும் அவரிடமே சொல்லலாம் என்றால், அந்த மனுஷனை எத்தனை தடவை புதுசாக அழவைப்பேன்? சொல்வதை விட்டுவிட்டேன்.

மூன்று ஞாயிறும் ஓலை படித்தார்கள். பீடத்துக்கு முன்னால் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டார். ஓலை படித்து முடிந்த பிறகு இல்லை என்று சொன்ன பெண் எங்கள் பக்கத்தில் கிடையாது. நானும் சொல்லவில்லை.

புறப்படும்போது பஸ் வரைக்கும் நைனா வந்தார். எனக்கு அழுகை அடங்கவே இல்லை, மூச்சு முட்ட விசும்பினேன். அடைக்கலராஜ் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தேன். நைனா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி ஆசையாகப் பார்த்தார்.

"இப்டியே சிரிச்சிகினே இரும்மா. எனக்கு அது போதும்."

"சரி நைனா" என்றேன்.