‘போல’ நீக்கிய வாக்கியம்

மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அவள், மதிய இடைவேளை வந்ததும் கிடங்கறைக்குள் நுழைந்து, சலைன் பெட்டியின்மேல் அமர்ந்து, இருமல் மருந்துப் பெட்டியில் கைப்பேசியைச் சாய்த்துவைத்துப் பாடம் கேட்பாள். மூன்றாண்டுகளில் ஒருநாளும் இந்த வழக்கம் தவறியதில்லை. நாற்பத்திரண்டு வயதில் தொலைநிலைக் கல்வியில் இலக்கியம் படிப்பதால் சக ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘புலவர்’.

கடைசிப் பருவத்தில் ஒரு பயிற்சி வந்தது: தொலைநிலைக் கல்வியை ஓர் உருவகத்தால் விளக்குக. மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமர்க்களம். அது இரு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் என்றார் லிஃப்ட் இயக்குபவர். மணியை அழுத்தலாம், யார் காதில் விழுகிறதென்று தெரியாதாம். ஆளைப் பாராமல் தைத்த சட்டை என்றாள் தையல்காரி. வாயிற்காவலரோ, அது தாம் காவல் காக்கும் வீடு, உள்ளே போனதே இல்லை என்று எழுதினார்.

புலவர் எழுதினாள்: ‘லேபிள் கிழிந்த புட்டியிலிருந்து தினமும் விழுங்குவது போல இருக்கிறது. மருந்தா விஷமா என்று சொல்ல எதிரே ஒருவரும் இல்லை.’ முகமறியாத ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பினார். ‘போல’ வந்தால் உவமை, கேட்டது உருவகம், ‘போல’வை நீக்கி, அந்தப் பத்தியை மட்டும் அனுப்பினால் போதும் என்று ஒரு குறிப்பு. அப்படியே செய்தாள்.

நான்காம் நாள் தலைமை மருந்தாளர் அவளைக் கூப்பிட்டார். கல்வி மையத்திலிருந்து வந்த கடிதத்தை வாய்விட்டுப் படித்தார்: ‘லேபிள் கிழிந்த புட்டியிலிருந்து தினமும் விழுங்குகிறேன்.’ கீழே, உங்கள் ஊழியரின் உயிருக்கு ஆபத்து இருக்கலாம், மருந்து இருப்பையும் சரிபார்க்கவும் என்று ஆசிரியரே எழுதியிருந்தார்.

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

“இது பாடத்துக்கு எழுதினது சார். நான் எதையும் தொடல.”

“எழுத்துல இருக்கேம்மா. நீங்க எழுதினதுதானே?”

விசாரணை முடியும்வரை கிடங்கறைப் பக்கம் போகக் கூடாது என்றார். மருந்தை எடுத்தது உறுதியானால் வேலை போய்விடும். தேர்வு நுழைவுச்சீட்டையும் கல்வி மையம் நிறுத்தி வைத்திருந்தது.

கதவு திறந்திருந்ததால் செய்தி எல்லார் காதுக்கும் எட்டிவிட்டது.

“என்ன புலவரே, இன்னைக்கு எத்தனை மூடி?” என்றான் பில் போடுபவன்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அன்று முதல் புட்டிகள் உரசினாலே அவள் திடுக்கிட்டாள். வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னாள்.  மறுநாள் காலை, தலைவலி மாத்திரை டப்பா அவள் கைக்கு எட்டாத மேல்தட்டுக்குப் போயிருந்தது.  அதைக் கண்டபோது, உண்மையிலேயே எதையாவது விழுங்கிவிட்டு மறந்துவிட்டோமோ என்று அவளுக்குத் தன்மேலேயே ஐயம் வந்துவிட்டது.

ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினாள்: ‘ஐயா, போலவை நீக்கச் சொன்னது தாங்கள்தானே?’ நீலக் குறி விழுந்ததில் படித்துவிட்டார் என்று தெரிந்தது. பதில் வரவில்லை.

அடுத்த நாள், நோயாளிகளின் வரிசையில் மருந்துச் சீட்டு இல்லாமல் ஓர் ஒல்லியான இளைஞன் நின்றான்.

“நான்தாங்க உங்க வாத்தியார்.”

அவள் அக்காள் மகன் வயதுதான் இருக்கும். அறுபது பேர் எழுதியதை ஒரே மூச்சில் படித்தானாம். தான் எழுதிய குறிப்பே மறந்துபோய், அந்தப் பத்தியைக் கண்டு பதறிவிட்டானாம்.

“உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். போன் பண்ணி, நீங்க எடுக்கலேன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்.”

தலைமை மருந்தாளரிடம் தன் பழைய குறிப்பையும், மையம் விடுவித்த நுழைவுச்சீட்டையும் காட்டினான். அவர் தலையசைத்துக் கடிதத்தைக் கிழித்தார். அவனுக்கு அது போதவில்லை. ஊழியர் ஐவரையும் கூப்பிடச் சொன்னான்.

“இவங்க எந்த மருந்தையும் தொடல. நான் சொன்னபடி பாடம் எழுதினாங்க. யோசிக்காம புகார் அனுப்பினது நான்.”

பில் போடுபவன் தரையைப் பார்த்தான்.

இளைஞன் அவள் பக்கம் திரும்பினான். “வீட்டுல யார்கிட்டங்க சொல்லணும்?”

அவள் கணவரின் எண்ணை அழுத்திக் கைப்பேசியை நீட்டினாள். அவன் இரு கையாலும் வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.