ரஸ்ஸல் தேயரின் குரல்

ரஸ்ஸல் தேயர் குதிரையிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, மதுக்கடைக்காரனைப் பார்த்து வாயைத் திறந்தார். யூலாலியா கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"டிவில ஏதோ கோளாறு."

"கோளாறெல்லாம் இல்லம்மா. இதான் ஒரிஜினல். ஸ்பானிஷ்ல கீழ எழுத்து ஓடுது பாரு" என்றாள் மாரிசேலா.

திரையில் அந்த மனிதர் மறுபடியும் பேசினார். அதே அகன்ற தோள், அதே பாதி மூடிய கண்கள், பேசுவதற்கு முன்னால் ஒரு கணம் தாமதிக்கும் அதே கம்பீரம். வாயிலிருந்து வந்ததோ மெலிந்து, மூக்கு வழியாகச் சீறி வரும் ஒரு குரல். சளி பிடித்த ஆள் சந்தையில் வெங்காயத்துக்குப் பேரம் பேசுவதுபோல் இருந்தது. யூலாலியா காதைத் தேய்த்துக்கொண்டாள். தேயரின் எட்டுப் படங்கள் அடங்கிய அந்த டிவிடி பெட்டியை, அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கென்று எங்கெங்கோ தேடி வாங்கியிருந்தாள் மாரிசேலா. அதனால் உடனே எழுந்து போகவும் முடியவில்லை.

பக்கத்து நாற்காலியில் நாச்சோ முதலில் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். பிறகு தோள்கள் குலுங்கின. பிறகு அடக்க முடியாமல் வெடித்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமலுக்கு நடுவிலும் சிரித்தார்.

"கெழவி! கொசு! உன் ஆளும் கொசுடி! என்னைவிடப் பெரிய கொசு!"

"அப்பா, போதும்ப்பா" என்றாள் மாரிசேலா. ஆனால் அவளுக்கும் உதடு துடித்தது.

யூலாலியா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். யாரோ செத்துப்போன செய்தி வந்ததுபோல் அழுகை வந்தது. அறுபத்து மூன்று வயதில் ஒரு சினிமாக்காரனின் குரலுக்காக அழுகிறோமே என்ற வெட்கமும் கூடவே வந்தது.

மெக்சிகோ நகரத்தில் அவள் வளர்ந்த தெருவில் டெலிவிஷன் இருந்தது சோலே அக்கா வீட்டில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கே தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்கப் படங்கள் எல்லாமே ஸ்பானிஷ் பேசின. அது அவளுக்கு அதிசயமாகவே படவில்லை. குதிரைக்காரர்கள், துப்பறிகிறவர்கள், கப்பல் தலைவர்கள் எல்லோரும் தன் தெருவுக்கு நாலு தெரு தள்ளி வசிக்கிறவர்கள்போலத்தான் பேசினார்கள். அவர்களில் ரஸ்ஸல் தேயர் பேசினால் தரையே லேசாக அதிரும். ஈரமான மரப்பெட்டியைத் தட்டினால் வரும் சத்தம் அது. பதினான்கு வயதில் அவள் கண்ணை மூடிக்கொண்டு படம் பார்க்கப் பழகினாள். "தூங்குறதுக்கா இங்க வர்றே?" என்று சோலே அக்கா தலையில் குட்டுவாள்.

நடிகர்களை எடைபோட அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. சண்டை எவனும் போடுவான். முத்தம் எவனும் கொடுப்பான். இன்னொருவர் பேசும்போது ஒரு நடிகன் எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அதைப் பார்க்க வேண்டும். லெனோர் வான்ஸை அவளுக்குப் பிடிக்கும். அழும்போது மூக்கைச் சுருக்காத ஒரே நடிகை. எப்போதும் வில்லனாக வரும் ஒட்டுமீசைக்காரன்மேல்கூட அவளுக்கு ஒரு பரிதாபம் உண்டு. எந்தப் படத்திலும் அவனுக்கு யாரும் சாப்பாடு போட்டதில்லை. கல்யாணம் முடிந்து, சிகாகோவுக்கு வந்து, சீருடை தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் படங்கள்தான் அவளோடு வந்தன. இங்கேயும் ஞாயிறு மதியம் ஸ்பானிஷ் சேனலில் அவை ஸ்பானிஷிலேயே ஓடின. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்களுக்குக் கதை சொல்வாள். வெறும் கதை அல்ல, வசனத்தோடு. நாயகன் பேசும் இடத்தில் தாடையைக் கீழே இறக்கிக் குரலைக் கனமாக்கிக்கொள்வாள். எல்லோரும் கையில் பாதி கடித்த ரொட்டியோடு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் நாச்சோவின் பாடுதான் திண்டாட்டம். தலையில் ரொட்டிக்கூடையோடு சைக்கிள் ஓட்டி வந்த வாலிபனாக அவரை அவளுக்குப் பிடித்ததற்குக் காரணங்கள் உண்டு. குரல் அதில் ஒன்றல்ல. நல்ல மனிதர், நல்ல உழைப்பாளி, குரல் மட்டும் கொசு ரீங்காரம். "தேயர் இதைச் சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்!" என்று அவள் சிரிப்பாள், விருந்தில், சொந்தக்காரர்கள் நடுவில். எல்லோரும் சிரிப்பார்கள். நாச்சோவும் சிரிப்பார். எப்போதோ ஒரு வருஷம் அவர் விருந்துகளில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பேக்கரியில் மாவு பிசையும்போது பாடுகிறவர், வீட்டில் பாடுவதில்லை. ஏன் என்று அவள் கேட்டதில்லை.

மாரிசேலா கிளம்பிப் போனதும் நாச்சோ சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கோவமா?"

"உனக்கு இன்னிக்குத் திருவிழாதானே. போய்க் கொண்டாடு."

"ஆமா, திருவிழாதான்" என்றார் அவர். முகத்தில் சிரிப்பு இல்லை. "நாப்பது வருஷமா அந்த ஆளை என் பக்கத்துலயே நிக்க வெச்சு அளந்தியே, கெழவி. ஒரு நாள் நான் சிரிக்கக் கூடாதா?"

அவள் குழாயை மூடிவிட்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் டிவியைப் போடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போடவில்லை. மாரிசேலா கொடுத்த பெட்டி அலமாரியில் துணிகளுக்கு அடியில் போயிற்று. வெளியே பனி கொட்டியது. ஞாயிறு மதியம் அந்த வீட்டில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. குழாய்களில் வெந்நீர் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. நாச்சோ ஒன்றிரண்டு முறை ரிமோட்டைக் கையில் எடுத்து, அவளைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

பிறகு அவர் போன் பேசத் தொடங்கினார். கடையிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசும் போன் அட்டை வாங்கி வந்து, அதிலிருக்கும் எண்களைச் சுரண்டி, மெக்சிகோவில் டாக்சி ஓட்டும் அண்ணன் மகன் டோன்யோவைக் கூப்பிடுவார். அவள் உள்ளே வந்தால் பேச்சு மாறும். "அங்க மழையாடா?" என்பார். அண்ணனுக்குத்தான் ஏதோ உடம்பு முடியவில்லை, தன்னிடம் மறைக்கிறார் என்று யூலாலியா நினைத்துக்கொண்டாள். கேட்கலாம். ஆனால் பேச்சை முதலில் எடுக்கிறவர் தோற்றவராகிவிடுவார் என்ற கட்டத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தபோது, நாச்சோ சுருள்கம்பி நீள ரிசீவரைப் பிடித்தபடி வந்து நின்றார். தலையைப் படிய வாரியிருந்தார்.

"கையைத் தொடச்சுக்க. உனக்குத்தான்."

"யாரு? அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"அண்ணன் கல்லு மாதிரி இருக்கான். இவரு பேரு எவரிஸ்தோ லஸ்கானோ." நாச்சோ ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "உன் தேயருக்கு அங்க ஸ்பானிஷ்ல பேசினவரு. எல்லாப் படத்துக்கும் இவருதானாம். டோன்யோ நாலு ஸ்டுடியோ அலைஞ்சு வீட்டைக் கண்டுபிடிச்சான்."

அவள் மாவுக் கையோடு நின்றாள்.

"அன்னிக்குச் சிரிச்சு உன் ஆளை நான் கொன்னுட்டேன்ல" என்றார் நாச்சோ. "வீடே எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. அதான், யாராவது உசுரோட இருக்காங்களான்னு தேடினேன். பேசு, காசு ஓடுது."

ரிசீவரில் மாவு ஒட்டியது. அந்தப் பக்கம் இருமல் கேட்டது. முதுமையின் மூச்சிரைப்பு. "அம்மா, கேக்குதா?" என்றது ஒரு குரல். இது யாரோ. எங்கேயோ ஒரு தாத்தா.

"கேக்குது, ஐயா."

"என்னைத் தேடி ஒருத்தர் வந்திருக்காருன்னதும் கடன்காரன்னு நெனச்சுக் கதவையே தொறக்கல நான்" என்று சொல்லி அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அது எட்டிப் பார்த்தது. மேலே துரு ஏறியிருந்தது, அடியில் அதே இரும்பு. யூலாலியா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்கதானா!" என்றாள். வேறு வார்த்தை வரவில்லை.

"நான்தாம்மா. என்ன மிச்சம் இருக்கோ அது."

அவர் நிறையப் பேசினார். தேயரின் படச்சுருளை முதன்முதலில் போட்டுக் காட்டியபோது அந்தக் குரலைக் கேட்டுத் தானும் சிரித்துவிட்டதாகச் சொன்னார். "ஸ்டுடியோவுல என்னை வெளிய அனுப்பிட்டாங்க. சிரிப்பு அடங்கினப்புறம் வான்னாங்க. அந்த மனுஷன் மூஞ்சி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். பாவமா இருந்துச்சு. சரி, இந்த மூஞ்சிக்கு ஏத்த குரலை நாம குடுப்போம்னு வயித்துலேருந்து எடுத்தேன்." யூலாலியா சிரித்துவிட்டாள். வாசல் நிலையில் சாய்ந்திருந்த நாச்சோ, என்ன ஜோக் என்று புரியாமலே தானும் சிரித்தார்.

"எந்தப் படம்மா உங்களுக்குப் பிடிக்கும்?"

"ரயில் நிலையத்துல பிரிவாங்களே, அது. நீங்க தொப்பியைக் கழட்டி பெஞ்சு மேல வெப்பீங்க."

"நானா வெச்சேன்? அவன் வெச்சான். எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஒரு நாளைக்கு ரெண்டு படம் பேசுவோம். இருட்டு ரூம், சிகரெட்டுப் புகை. கதைகூடத் தெரியாது."

"அந்த வசனம்கூடவா?" அவள் குரலில் கெஞ்சல் இருந்தது.

"நீங்க சொல்லுங்க. ஞாபகம் வருதான்னு பாப்போம்."

யூலாலியா நாச்சோவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். தையல் கம்பெனியில் செய்வதுபோல் தாடையை இறக்கிக்கொண்டாள்.

"என் தொப்பி இங்கயே இருக்கட்டும். அதை எடுக்கவாவது நான் திரும்பி வரணும்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். அப்போது அந்த வயதான ஆண் குரல் மிகவும் மெல்ல, கிட்டத்தட்ட ஒரு பெண்ணின் இழுப்போடு சொன்னது:

"மழை வந்தா நனைஞ்சிடுமே. அதுக்குள்ள வந்துடு."

லெனோர் வான்ஸின் பதில். ஒரு சொல் மாறவில்லை.

"ஐயா, அது அவளோட வசனம்ல?"

"ஓஃபெலியாவோட வசனம்" என்றார் லஸ்கானோ. "லெனோருக்குப் பேசினவ. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மைக்கு. தோளோட தோள் இடிக்க நிப்போம். என் வசனத்தைத் தாளைப் பாத்துப் படிச்சுட்டு அப்பவே மறந்துடுவேன். அவ பேசுறதை மட்டும்தாம்மா கேட்டுக்கிட்டு நிப்பேன்."

யூலாலியா தயங்கினாள். "அப்புறம் அவங்களைக் கல்யாணம்..."

"சேச்சே. அவளுக்குப் புருஷன் இருந்தான். டிராம் ஓட்டுவான். நல்ல மனுஷன், சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவான். எனக்குக்கூட ரெண்டு தடவை பழம் வாங்கிக் குடுத்திருக்கான்." மறுபடி இருமல். "அவளும் போயிட்டா, அவனும் போயிட்டான். இந்த வசனத்தை யார் வாயிலேருந்தாவது கேப்பேன்னு நான் நெனக்கவே இல்ல."

இத்தனை வருஷம் அவள் கண்ணை மூடிக் கேட்ட அந்தக் கனமான காதல், திரையில் இருந்த ஆளுடையதும் இல்லை, தனக்கானதும் இல்லை. ஒரு இருட்டு அறையில் பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் சொல்ல முடியாமல் போனது. அது அவளை ஏமாற்றவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி ஊற்றிக் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

"சாப்பிட்டீங்களா, ஐயா?" என்றாள்.

"இனிமேதான். என் தங்கச்சி மக வருவா."

இரண்டு பேருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நாய் ஒன்று குரைத்தது, பஸ் ஒன்று போயிற்று. பிறகு தூரத்திலிருந்து ஒரு ஊதல். ஆவி பீறிட்டு உயரத்தில் தொடங்கி, நீண்டு, சோகமாக இறங்கி அடங்கும் சத்தம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை விறகு அடுப்பில் வேகவைத்துத் தள்ளிக்கொண்டு வரும் வண்டி. இருட்டத் தொடங்கியதும் எந்தத் தெருவிலும் கேட்கும். சிகாகோ வந்த பிறகு அவள் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"நாச்சோ!" என்று அவள் கிசுகிசுத்தாள். "இங்க வா. சீக்கிரம் வா."

"என்ன, என்ன ஆச்சு?"

"பேசாத. வந்து கேளு."

அவர் குனிந்தார். அவள் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி நடுவில் பிடித்தாள். சோளமாவு அப்பிய கருவியின் இந்தப் பக்கம் அவள் காது, அந்தப் பக்கம் அவர் காது. நரைத்த இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டன. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்தது. வண்டி எந்தத் தெருமுனையிலோ திரும்புவது கேட்டது. பிறகு அது மறுபடியும் ஊதியது, இந்த முறை இன்னும் கிட்டத்தில்.